ஆயில் மாற்றிய மறுநாள்

அப்பாவும் நானும் ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஒரே வண்டியில் கார் ஓட்டப் படித்தோம். அவர் அப்போதுதான் கரண்ட் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நான் படிப்பை முடித்துச் சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். விடிகாலையில் இருவரும் கிளம்பிப் போவோம். அவர் ஓட்டும்போது நான் பின்சீட்டில், நான் ஓட்டும்போது அவர் பின்சீட்டில். சொல்லிக்கொடுப்பவர் அப்பாவிடம், "சார், கிளட்ச்சு சார், கிளட்ச்சு" என்று கெஞ்சுவார். என்னைக் கண்டபடி அதட்டுவார். வாழ்நாள் முழுக்க மொபெட்டில் கரண்ட் கம்பம் கம்பமாகப் போய் வந்த மனிதருக்குக் கால் இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவது பிடிபடவில்லை. ஆனால் கார் வாங்கியே தீருவேன் என்று நின்றார்.

தேனியில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வெள்ளைக் கார் அது. சின்ன வண்டி. கதவைச் சாத்தினால் தகரப் பெட்டியை மூடுவது போலச் சத்தம் வரும். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டுவிட்டு அம்மா கேட்டாள்.

"மொதல்ல எங்க போறோம்?"

"வேற எங்க? மேகமலைக்குத்தான்" என்றார் அப்பா.

அம்மா மேகமலையில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அவள் சிறுமியாக இருந்தபோதே அவளுடைய அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். எஸ்டேட் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்துவிட்டு, மீதிக் குடும்பம் மலையிறங்கிச் சொந்தக்காரர்கள் இருந்த ஊருக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அம்மா மேலே போகவேயில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். மழைக்காலத்தில் பாதி மலை மேகத்துக்குள் போய்விடும். துணி காயப்போடும்போது அவள் அந்தப் பக்கம் பார்ப்பாள். பார்க்கிறாள் என்பதை நாங்களும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளன்று அப்பா வழிச் சொந்தங்கள் எல்லோருக்கும் ஊர்க் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவோம். அப்பாவின் அப்பா, அவர் தம்பி, நான் பார்த்தேயிராத ஒரு சித்தி. அம்மாதான் குனிந்து புல்லைப் பிடுங்கி, செவ்வந்தியைத் தூவி, எல்லோருக்கும் ஏற்றுவாள். அவளுடைய அப்பாவுக்கு மட்டும் ஏற்ற முடியாது. அவர் மேலே இருந்தார்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குக் காரில் மேகமலை போவது என்று முடிவாகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பாவுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று தோன்றியது. வண்டியை விற்ற டாக்டர், மலையேறுவதாக இருந்தால் ஆயிலைப் புதுசாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தாராம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் தேனியில் இருந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து, பட்டறை பூட்டிக் கிடந்தது. அதனால் எங்கள் ஊரிலேயே மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு மெக்கானிக் கடைக்குப் போனோம். திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழை மரங்கள் காய்ந்து வாசலிலேயே சாய்ந்து நின்றன. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். ஒற்றை ஆளாக எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவால் ஒரு இடத்தில் சும்மா நிற்க முடியாது. கடையின் ஒயரிங் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, அப்பா அவர் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எர்த் கம்பி எங்கே போட வேண்டும், மழைக்காலத்தில் கம்ப்ரஸரைத் தொட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் விளக்கினார். அவரும் அடியிலிருந்தே "ஆமா சார், சரி சார்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஆயில் கறுப்பாக வடிந்தது. புது ஃபில்டர், புது ஆயில். கையைத் துடைத்துக்கொண்டு, "இனி நீங்க இமயமலைக்கே போகலாம் சார்" என்றார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். அம்மா பின்சீட்டில். மடியில் மெழுகுவத்திப் பொட்டலமும் செவ்வந்திப் பூவும். பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்கு. செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அப்போது அந்த ரோடு மிகவும் மோசம். தார் பெயர்ந்து ஜல்லியாகக் கிடக்கும். அப்பா முதல் கியரில் வண்டியை உறுமவிட்டு உறுமவிட்டு ஏற்றினார். ஒவ்வொரு வளைவு திரும்பி முடித்ததும் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விட்டோம். கீழே வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் சின்னதாகிக்கொண்டே போயின. அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்தபடி வந்தாள். "குளுரு வந்துருச்சு" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

பாதி மலை ஏறியிருப்போம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. எண்ணெய்க் கிண்டி போல ஒரு படம். அடுத்த வளைவில் மறுபடி எரிந்தது. இந்த முறை அணையவில்லை.

"அப்பா, ஏதோ லைட்டு எரியுது."

"கைப்பிரேக்கா இருக்கும்" என்று அப்பா கம்பியை இழுத்துவிட்டு இறக்கினார். விளக்கு எரிந்தது.

"இன்னமும் எரியுதுப்பா."

"ஏத்தத்துல நிறுத்துனா திரும்ப எடுக்க முடியாதுத்தா. மேல போயிப் பாத்துக்குவோம்."

இன்னும் சில வளைவுகள் போயிருப்போம். எஞ்சின் சத்தம் மாறியது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கூடவே ஒரு தீய்ந்த வாடை. அப்பா பயந்துபோய் ஓரம் கட்டி அணைத்துவிட்டார். இறங்கிப் பார்த்தோம். நாங்கள் வந்த வழி முழுக்க ரோட்டில் ஈரக்கோடு. வண்டிக்கு அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. புது ஆயில், தேன் நிறத்தில்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு எஸ்டேட் ஜீப் ஏறி வந்தது. டிரைவர் நிறுத்தி இறங்கினார். எங்களிடம் கேட்பதற்கு முன்பே ரோட்டைப் பார்த்துவிட்டிருந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டீகளா?"

"பண்ணிட்டேன்" என்றார் அப்பா.

"திரும்ப ஸ்டார்ட் பண்ணிராதீக. ஆயில் பூராம் ரோட்டுல கெடக்கு. செவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுச்சு."

"எரிய எரியவா ஏறி வந்தீக?"

ஜீப்காரர் உச்சுக்கொட்டினார். "ஆயில் இல்லாம ஓட்டுனா உள்ள இரும்போட இரும்பு ஒரசும். எஞ்சின் இறுகிப் பிடிச்சிருச்சுன்னா அம்புட்டுதான். பாப்போம், உங்க நேரம் எப்புடி இருக்குன்னு." பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் மேலதான் போறேன். நீங்க வேணா ஏறிக்கங்க, வெயில்ல எதுக்கு நிக்கிறீக?" என்றார்.

அம்மா ஜீப்பைப் பார்த்தாள். அப்பா ரோட்டோரக் கட்டையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காலையில் தேய்த்துப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் முழங்கை வரை ஆயில்.

"வேணாம்ப்பா, நீங்க போங்க" என்றாள் அம்மா.

போனில் சிக்னல் இல்லை. அப்பா ஒரு வளைவு கீழே நடந்து போய்க் கடைக்காரரைப் போனில் பிடித்தார். அவர் பைக்கில் ஆயில் கேனும் இன்னொரு ஃபில்டரும் கட்டிக்கொண்டு வந்து சேர மதியமாகிவிட்டது. வந்ததும் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, அதையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா?" என்றார் அப்பா.

"சார், பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் கவனிக்காம அதுக்கு மேலயே புதுசப் போட்டு முறுக்கிட்டேன். ரெண்டு ரப்பரு இருந்தா ஒக்காராது சார். ஏத்தத்துல பிரஷரு தாங்காமப் பிதுங்கிருச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு கறுத்த வளையம், ஒரு புது வளையம். அப்பா கோபக்காரர். கரண்ட் ஆபீசில் அவர் சத்தம் போட்டால் அடுத்த தெருவில் கேட்கும் என்று சொல்வார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அப்பா அந்த வளையங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான்தான பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

கடைக்காரர் துடைத்து, புது ஃபில்டர் மாட்டி, ஆயில் ஊற்றினார். பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் சிணுங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது. சிவப்பு விளக்கு சற்று நேரம் எரிந்து அணைந்தது. டக் டக் டக் என்று ஒரு தட்டல். அது மெல்ல மெல்லக் குறைந்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றது. நான்கு பேரும் பேனட்டுக்கு மேல் குனிந்து நின்றோம்.

"உள்ள ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"பிரிச்சுப் பாத்தாத்தான் சார் தெரியும். ஆனா ஓடுற எஞ்சினப் பிரிக்கிறதுக்கு எனக்கு மனசு வரல. கொஞ்ச நாள் மெதுவா ஓட்டுங்க. வாரா வாரம் கொண்டாங்க, நான் கேட்டுச் சொல்றேன். இப்ப மேல ஏற வேணாம், எறங்கிருங்க."

இறங்கிவிட்டோம். அம்மா மெழுகுவத்திப் பொட்டலத்தைக் கொண்டுபோய் அடுக்களை அலமாரியில் வைத்தாள். செவ்வந்தியை மாதா படத்துக்குப் போட்டாள். வாடிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று ஜோடிக் காது. தினமும் காலையில் அப்பா பழைய பனியன் துணியோடு போய் ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஸ்டார்ட் செய்வார். தெருவில் யாரும் பேசக் கூடாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் அது நிற்கும் வரை காத்திருப்பார்.

"கேக்குதா?"

"இல்லப்பா."

"நல்லாக் கேளு. டக்குன்னு ஒண்ணு வருது பாரு."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவல. நேத்துச் சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

சனிக்கிழமைதோறும் அப்பா வண்டியைக் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் வைத்து, அதன் பிடியில் காதை ஒட்டிக் கேட்பார். அப்புறம் அப்பா கேட்பார். அப்புறம் இருவரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு சனிக்கிழமை அப்பாவே கடையின் ஒயரிங்கை முழுசாக மாற்றிக்கொடுத்துவிட்டு, உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்தார். "யாரு யாருக்கு வேலை பாக்கிறதுன்னே வெளங்கல" என்றாள் அம்மா.

ஆலோசனை சொல்லாதவர்கள் இல்லை. அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், "எஞ்சின் போன வண்டி. சத்தம் பெருசாகுறதுக்குள்ள எவன் தலையிலயாச்சும் கட்டிவிடு" என்றார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தே ஒருவனுக்கு எப்படி விற்பது என்று கேட்டார். விற்கவும் மாட்டார், தூரமாக ஓட்டவும் மாட்டார். தெருமுனை வரை, கடைக்காரர் வரை, மிஞ்சிப்போனால் ஆற்றுப் பாலம் வரை. ஜெயமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கும், வடுகபட்டியில் ஒரு பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கும் பஸ்ஸில்தான் போனோம். பட்டுச்சேலையும் நகையுமாகப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அம்மா முணுமுணுத்தாள்.

"காரு வச்சிருக்கவுக நிக்கிற லச்சணமா இது?"

ஆனால் மேகமலை என்ற பேச்சை அவள் எடுக்கவேயில்லை. நாங்களும் எடுக்கவில்லை. எஞ்சின் சரியாகிவிட்டது என்று நம்பிக்கை வந்தபின் போகலாம் என்று அப்பா மனசுக்குள் வைத்திருந்தார் போல. அந்த நம்பிக்கை எப்படி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு விடுமுறை நாள். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று அம்மா காலையில் கிளம்பினாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா எஞ்சினைக் கேட்டு முடித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையல் நேரம் தாண்டியும் அம்மா வரவில்லை. போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. தேடிக்கொண்டு நான் தெருவில் இறங்கியபோது, பூக்காரம்மா எதிரே வந்தார்.

"உங்கம்மாவா? அவுக மேகமலைக்குப் போற ஹைவேவிஸ் பஸ்ல ஏறுனாகளே. நான் பாத்தேன். கையில பூவும் வாங்கிக்கிட்டாக."

ஓடிவந்து அடுக்களை அலமாரியைத் திறந்தேன். மெழுகுவத்திப் பொட்டலம் இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப்போய் ஒரு பக்கம் தூக்கி நின்றது. ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீ ஓட்டு. எனக்குக் கை ஒரு நெலையில இல்ல."

"அப்பா, இந்த வண்டியிலயா? மலைக்கா?"

"பின்ன நடந்தா போறது? எடு ஆத்தா."

செக்போஸ்ட்டைத் தாண்டும் வரை நான் அந்த விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் முதல் வளைவில் கியரை மாற்றியபோது எஞ்சின் உறுமியது. பக்கத்தில் அப்பா முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறாரா என்று பார்த்தேன். அவர் கேட்கவில்லை. திடீரென்று பேசத் தொடங்கினார்.

"உங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்ப, பெரியவுக எல்லாம் பேசி முடிச்சாக. நீங்க ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசுறதா இருந்தாப் பேசிக்கங்கன்னு உள்ள அனுப்புனாக. நான் என்னத்தப் பேச? அவதான் கேட்டா. வருசத்துக்கு ஒரு தரம் எங்கப்பா கல்லறைக்குக் கூட்டிட்டுப் போவீகளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். வேற ஒண்ணுமே கேக்கல அவ."

வளைவு வந்தது. திருப்பினேன்.

"மொத வருசம் புயல் மழை, கரண்ட் லைன் எல்லாம் அறுந்து கெடந்துச்சு, லீவு தரல. அடுத்த வருசம் நீ வயித்துல. அப்புறம் அவளும் கேக்கல, நானும் மறந்துட்டேன். மறக்கலத்தா, போகலாம் போகலாம்னு இருந்துட்டேன். கண்ணுக்கு முன்னாடிதான இருக்கு மலை."

போன முறை வண்டி நின்ற இடத்தைத் தாண்டினோம். அதைத் தாண்டியதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது, தேயிலைச் சரிவுகள் தொடங்கின. ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்டோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் கல்லறை எங்கே என்று கேட்டுக்கொண்டு தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பக்கம் நடந்து போனதாகச் சொன்னார்கள்.

கல்லறை ஒரு சரிவில் இருந்தது. சுற்றுச்சுவர் இடிந்து, இடுப்பளவு புல் மண்டியிருந்தது. நடுவில் ஒரு பெரிய சிமெண்ட் சிலுவை. அதன் அடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு இளம்பெண் எவர்சில்வர் டம்ளரோடு நின்றாள். லைன் வீட்டில் குடியிருப்பவள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்திருந்தவள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. அம்மா கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். "எப்புடி வந்தீக?"

"கார்லம்மா" என்றேன்.

"அடியாத்தி! அந்தக் கார்லயா? வழியில நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீக?" என்று என்னைத் திட்டினாள். பிறகு அப்பாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, அருகில் வந்து பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"சொன்னா எஞ்சினக் கேப்பீக. நாளாகிரும்."

எது அவளுடைய அப்பாவின் கல்லறை என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் மரச் சிலுவைதான் நட்டார்களாம். எல்லாம் மக்கிப்போயிருந்தது. ஓடைப் பக்கமாக இருந்தது என்று மட்டும் நினைவிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். அட்டை கடிக்கும் என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல், ஓடைப் பக்கம் இருந்த மேடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். அந்தப் பெண் போய் ஒரு அரிவாள் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லா மேட்டிலும் ஆளுக்கொரு பக்கமாக மெழுகுவத்தி ஏற்றினோம். காற்றில் பாதி அணைந்தது. அப்பா இரண்டு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டு மறுபடி மறுபடி ஏற்றினார். கடைசியில் அம்மா சத்தமாக ஜெபம் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தபோது அப்பா மீதியைச் சொல்லி முடித்தார்.

காரைப் பற்றிய மீதிக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்த வண்டி பல வருடங்கள் ஓடியது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எங்களை மேலே ஏற்றி இறக்கியது. என் கல்யாணத்துக்குச் சாமான் சுமந்தது, என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு, கடைக்காரரே அதை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் முதல் வேலையாக எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். போனோம். ஒரு துணியில் பேரிங்கை வைத்து, அப்பா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். பளபளவென்ற உலோகத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு.

"இம்புட்டுதானா?" என்றார் அப்பா.

"இம்புட்டுதான் சார். இத்தனை வருசமா நானும் உங்களை மாதிரிதான் தூங்காமக் கெடந்தேன்."

அப்பா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். நகத்தில்கூடத் தட்டவில்லை. இருவரும் வழக்கம் போல டீக்கடைக்குப் போனார்கள். அதற்கடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அன்றைக்கு மலையிறங்கியதுதான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நான் ஓட்டினேன். அப்பா முன்சீட்டில் உட்காராமல் அம்மாவோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தது, அம்மா முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள். அதுவரை நான் அவரைப் பற்றிக் கேட்டதெல்லாம் காய்ச்சலில் இறந்தார் என்பது மட்டுமே.

அவர் நன்றாகச் சீட்டியடிப்பாராம். மேகம் இறங்கி வழி தெரியாமல் போனால், லைன் வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்துக்கொண்டே வருவாராம். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் வருமாம். குழந்தைகள் எல்லாம் வாசலில் நின்று, இப்போது பாலத்தில் வருகிறார், இப்போது பைப்படியில் வருகிறார் என்று சொல்வார்களாம்.

"எப்புடி அடிப்பாக?" என்று அப்பா கேட்டார்.

அம்மா உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சிரித்துவிட்டாள். அப்பாவும் முயன்றார், அவருக்கும் வரவில்லை. "நீ அடி பாப்போம்" என்று என்னைக் கேட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் அடித்தேன், எனக்கு வந்தது. "ஆமா, அப்படித்தான், இன்னுங் கொஞ்சம் இழுத்து" என்றாள் அம்மா பின்னாலிருந்து. வளைவுக்கு வளைவு அவள் திருத்தித் திருத்திச் சொல்ல, நான் அடித்துக்கொண்டே இறங்கினேன்.